இடது ஓரத்தில் மூன்று இழுப்பு

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இன்று சனி. இதற்குள் பதில் எழுதலாம் என்று நான்கு தடவை உட்கார்ந்து நான்கு தடவையும் எழுந்துவிட்டேன். ஒரு தடவை பால் பொங்கியது. ஒரு தடவை கொடியில் கிடந்த துணி நனைந்தது. மற்ற இரண்டு தடவைக்கும் சொல்லிக்கொள்ள ஒரு காரணமும் இல்லை. கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன், அவ்வளவுதான். சாரல் இந்த வருஷம் முந்திக்கொண்டு வந்துவிட்டது. தென்காசித் தெருவெல்லாம் நசநசவென்று கிடக்கிறது. உன் அப்பா காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை கிளாரினெட்டைப் பூட்டிப் பார்க்கிறார். மரம் ஈரத்தில் ஊதிக்கொண்டு கழற்ற வரமாட்டேன் என்கிறது. அதற்கு மழையைத் திட்டுகிறார், என்னைத் திட்டுகிறார், பிறகு காப்பி கேட்கிறார்.

உன் கடிதத்தில் மற்றதெல்லாம் நல்ல சேதிதான். பேத்திக்குக் கடைவாய்ப் பல் முளைத்தது, ஆடியில் உனக்குப் பதினைந்து நாள் லீவு கிடைக்கும் என்பது, மருமகளுக்கு அருவியில் குளிக்க ஆசை என்பது. நடுவில்தான் அந்த வரி. "எனக்கு ஊதுத உதடு கிடையாதுன்னு மிலிட்டரி பேண்டு மாஸ்டரே சொல்லியாச்சு. அப்பா பக்கத்துல உட்கார வேற ஆளப் பாருங்க. ஊருக்கு வாறேன், கிளாரினெட் பேச்சை மட்டும் எடுக்காதீங்க." இதைப் படித்தவள் மற்ற வரிகளை மறுநாள்தான் படித்தேன். உனக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஐந்து வருஷமாக இருக்கிறது. இந்தக் கடிதத்தில் அதைச் சொல்லாமல் முடிக்கக்கூடாது என்றுதான் வீட்டுக்கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஆடி மாதத்து ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா எழுதினதில் பாதிதான் இருந்திருக்கும். அவர் கச்சேரியைத் தவிர வேறெதையும் எழுதமாட்டார். குற்றாலத்தில் மூன்று நாள் கிளாரினெட்டுக்கென்றே விழா வைக்கிறார்கள். நாயனக்காரர்களுக்கு விழா உண்டு, பாடுகிறவர்களுக்கு உண்டு, கிளாரினெட்டுக்கு இதுதான் முதல் தடவை என்று பேசிக்கொள்கிறார்கள். காலையில் பாடம், மாலையில் கச்சேரி. பாடம் சின்னப் பிள்ளைகளுக்கு இல்லை. பேண்டு செட் மாஸ்டர்கள், பள்ளிக்கூடத்தில் பேண்டு சொல்லிக்கொடுக்கிற வாத்தியார்கள், கல்யாணத்துக்கும் கச்சேரிக்கும் ஊதுகிறவர்கள் ஆகியோருக்கு. முதல் நாள் மாலை மதுரைப் பக்கத்துக்காரர் ஒருவர், மூன்றாம் நாள் தஞ்சாவூரிலிருந்து ஒருவர், நடு நாள் உன் அப்பா. எல்லாவற்றையும் ஓடியாடிச் செய்கிறவர் இங்கே ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற சார்வாள். நோட்டீஸ் எழுதிக்கொண்டு போன மாதம் வீட்டுக்கு வந்தார். உன் அப்பா பெயருக்குக் கீழே ஒரு இடம் விட்டிருந்தது. "ரெண்டு கிளாரினெட்டாத்தான் வேணும் அண்ணாச்சி. ஒத்தையா ஒண்ணரை மணி நேரம் உங்களுக்கு மூச்சு நிக்காது. மகன் பேரைப் போட்டுருவோமா?" என்று கேட்டார். உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன்.

அதோடு விட்டாரா சார்வாள்? என் பக்கம் திரும்பி, "கிளாரினெட் வாயில கட்டுத மூங்கில் ரீடச் சீவுதது நீங்கதான்னு எனக்குத் தெரிஞ்சு போச்சும்மா. முதல் நாள் காலையில வாத்தியார்மாருக்கு அதை நீங்கதான் செஞ்சு காட்டணும்" என்றார். உன் அப்பாவுக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "அவ எங்கன சார் மேடையில வந்து உக்காருவா, நாலு பேரைக் கண்டா பேச்சே வராது" என்று அவசர அவசரமாகச் சொன்னார். எனக்கா பேச்சு வராது? முப்பது வருஷம் இந்த மனிதரோடு குடித்தனம் பண்ணினவளுக்கு? "வாறேன் சார்" என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன். வீம்புக்குத்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது.

உனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நான் ரீடு சீவிக்கொண்டுதான் இருக்கிறேன். அதனால் அது எப்படி என் கைக்கு வந்தது என்று நீ கேட்டதே இல்லை. உன் அப்பாவுக்குக் கிட்டப் பார்வை மங்கியபோது சீமை ரீடு வருவதும் நின்றுபோயிருந்தது. மலைமூங்கிலை வாங்கி நிழலில் உலர்த்தி அவரே சீவப் பார்ப்பார். நுனி நகத்தைவிட மெல்லிசாக வரவேண்டும், நடுவில் சதை நிற்கவேண்டும், இரண்டு ஓரமும் ஒன்றுபோல் இறங்கவேண்டும். அவருக்கு நுனியே தெரியாது. பத்து சீவினால் ஒன்பது குப்பைக்குப் போகும். பார்க்கச் சகிக்காமல் பிடுங்கி நான் சீவினேன். பிளேடு பாதி, கண்ணாடித் துண்டு ஒன்று, கடைசியில் தேய்க்கச் சொரசொரப்பான பராய் இலை. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எங்கே கனம், எங்கே மெலிவு என்று எனக்குத் தெரியும். பெண்பிள்ளை வாத்தியத்தில் வாய் வைக்கக்கூடாது என்பது உங்கள் வீட்டு வழக்கம். அதனால் இன்றுவரை ஒரு ஸ்வரம்கூட நான் ஊதிப் பார்த்ததில்லை. நகத்தை வைத்து நுனியைத் தட்டிப் பார்ப்பேன், நீங்கள் ஊதும்போது அடுப்படியிலிருந்து கேட்பேன், அவ்வளவுதான் என் சங்கீதம். வெளியூர்க்காரர்கள் "ரீடு யார் சீவினது?" என்று கேட்டால் உன் அப்பா கூசாமல் "நாந்தான்" என்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர். எனக்கு அதில் வருத்தமும் இருந்தது, உள்ளுக்குள் சிரிப்பும் இருந்தது.

உன் ரீடு வேறு, அவர் ரீடு வேறு. அவர் அழுத்தி ஊதுகிறவர், கனம் வைத்துச் சீவவேண்டும். நீ உதட்டாலேயே ஸ்வரத்தை வளைக்கிறவன், உனக்கு நுனி இளகியிருக்கவேண்டும். பதினெட்டு வயதில் அச்சன்புதூர் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு நீ ஊதினாயே, அன்றைக்கு நான் பெண் வீட்டு முற்றத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன். ஊர்வலம் தெரு முனை திரும்புவதற்கு முன்பே கேட்டது. ஊதுவது நீயா அப்பாவா என்று ஒரு நிமிஷம் எனக்கே தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவள், "உங்க வீட்டு அண்ணாச்சி இன்னைக்கு என்னமா ஊதுதாக" என்றாள். "அது எம்மவன்" என்றேன். அந்த இரண்டு சொல்லைச் சொன்னபோது இருந்த கர்வம் என் கல்யாணத்திலும் இருந்ததில்லை. உனக்கு உதடு கிடையாது என்று எந்தப் பேண்டு மாஸ்டர் சொன்னாலும் எனக்குத் தெரியாதா?

இனி அந்த வருஷத்துக்கு வருகிறேன். சீனச் சண்டை முடிந்து ஏழெட்டு மாதம்தான் ஆகியிருந்தது. மிலிட்டரி பேண்டுக்குப் பாளையங்கோட்டையில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் உன் அப்பா தரையில் நடக்கவில்லை. சட்டை, தொப்பி, சர்க்கார் உத்தியோகம், கல்யாண வீட்டு வாசலில் நிற்கவேண்டியதில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். உன் முகமும் மலர்ந்துதான் கிடந்தது. எனக்கும் முதலில் சந்தோஷம்தான். பொய் சொல்லவில்லை. அந்தச் சமயத்தில் பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவர், தங்கை கல்யாணத்துக்குப் பேண்டு பேச நம் வீட்டுக்கு வந்தார். உன் அப்பா வீட்டில் இல்லை. நான் பெருமையாக உன் விஷயத்தைச் சொன்னேன். அவர் மோரைக் குடித்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்: "நல்ல வேலைதான் மதினி. ஆனா சண்டை வந்தா பேண்டுக்காரன் ஊதிக்கிட்டா இருப்பான்? வாத்தியத்தை வச்சிட்டு ஸ்ட்ரெச்சர் தூக்கப் போகணும். அடிபட்டவன எடுக்க முன்னால போறது அவந்தான்." டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கல்யாணத் தேதியைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு அது ஒரு பேச்சு.

உன் அப்பாவிடம் கேட்டேன். "பேண்டுக்காரன யாருட்டி சுடப் போறான், கிறுக்கி" என்று சிரித்தார். உன்னிடம் கேட்டேன். "சண்டைதான் முடிஞ்சு போச்சுல்லாம்மா" என்றாய். இருவரும் சிரித்தீர்கள். போகவேண்டாம் என்று நான் அழுதிருக்கலாம், சாப்பிடாமல் கிடந்திருக்கலாம், நாலு பேரைக் கூட்டி வைத்துச் சண்டை போட்டிருக்கலாம். அது எதையும் செய்யவில்லை. செய்திருந்தால் நீ நின்றிருப்பாய், ஆனால் காலமெல்லாம் அம்மா கெடுத்தாள் என்று நினைத்திருப்பாய். அந்தப் பழி எனக்கு வேண்டாம் என்று நினைத்தேன். இதைக் கவனி ராசா, உன்னைக் காப்பாற்றவேண்டும் என்பது பாதிதான். உன்னிடம் கெட்ட பெயர் வாங்காமல் காப்பாற்றவேண்டும் என்பது மீதி.

நீ பாளையங்கோட்டைக்குப் போனதற்கு முந்தின நாள், மத்தியானம், உனக்கு இரண்டு ரீடு சீவினேன். ஒன்று ஊதுவதற்கு, ஒன்று கைக்காவலுக்கு. என் ஆயுசில் அவ்வளவு நன்றாகச் சீவினதில்லை. ஜன்னலில் தூக்கிப் பார்த்தேன், இரண்டும் குறை சொல்ல முடியாமல் இருந்தன. பிறகு பிளேடை மறுபடி எடுத்து இடது ஓரத்தில் மூன்று இழுப்பு இழுத்தேன். இரண்டு ரீடிலும். வெளிப் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. வீட்டில் நீ ஊதிப் பார்த்தபோது தேனாக இருந்தது, "இது மாதிரி ரீடு நீ சீவினதே இல்லம்மா" என்றாய். ஓரம் ஒன்றுக்கொன்று சமமில்லாத ரீடு முதல் கால் மணி நேரம் நன்றாகப் பாடும். எச்சில் ஊறி மேல் ஸ்தாயியில் நின்று பிடிக்கும்போதுதான் கீச்சிடும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அங்கே நடந்ததை நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். மேல் பஞ்சமத்தில் கீச்சிட்டது. மாஸ்டர் நல்லவர், ரீடை மாற்றச் சொன்னார். மாற்றினாய், கால் மணி நேரத்தில் இரண்டாவதும் அதே இடத்தில் கீச்சிட்டது. ஒரு ரீடு கீச்சிட்டால் ரீடு மேல் சந்தேகம் வரும். இரண்டும் ஒன்றுபோல் கீச்சிட்டால் ஊதுகிறவன் உதட்டைத்தான் சொல்வார்கள். அவர் மேல் தப்பில்லை. பஸ் ஸ்டாண்டில் வைத்து உன் அப்பா உன்னை அறைந்ததை மட்டும் நீ சொல்லவில்லை, கன்னம் சொன்னது. வீட்டுக்கு வந்ததும் கிளாரினெட்டைத் துடைத்து வைக்கிற சாக்கில் இரண்டு ரீடையும் எடுத்து அடுப்பில் போட்டேன். நீ அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று, "அம்மா, ரீடு சரியாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டாய். நான் திரும்பாமலே, "நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன். மூன்று இழுப்பைவிட அந்தப் பதில்தான் பெரிய பாவம். அப்போதாவது சொல்லியிருந்தால் நீ என்னோடு ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பாய். உன் உதட்டோடு ஐந்து வருஷம் பேசாமல் இருந்திருக்கமாட்டாய்.

இந்த இடத்தில் எழுந்து போய் முற்றத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். உன் அப்பா நடு அறையில் கச்சேரிக்கு வர்ணம் ஊதிக்கொண்டிருக்கிறார். அனுபல்லவி முடிவதற்குள் இரண்டு இடத்தில் மூச்சு அறுந்துபோகிறது. ஊதட்டும்.

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ பம்பாய்க்குப் போனாய், வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, குழந்தை பிறந்தது. ஒவ்வொரு நல்லதும் எனக்கு ஒரு சாட்சியாகப் போய்விட்டது. பார்த்தாயா, நல்லதுக்குத்தான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த சண்டை வந்து பாகிஸ்தான் எல்லையில் குண்டு போட்டபோது கோவிலில் போய் விளக்கு ஏற்றிவிட்டு, நான் செய்தது சரிதான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். பெற்ற மனம் பித்து என்று ஒரு பழமொழி இருக்கிறதே, அதைப் போல வசதியான போர்வை உலகத்தில் கிடையாது. எந்தக் கள்ளத்தையும் அதற்குள் சுருட்டி வைத்துக்கொள்ளலாம். உனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். நாளைக்கு அவள் எங்காவது போகவேண்டும் என்பாள், உனக்குப் பயமாக இருக்கும். பயத்தை அவளிடமே சொல். கத்து, அழு, மல்லுக்கட்டு. அவளுக்குத் தெரியாமல் மட்டும் எதையும் செய்யாதே. தோற்றது எதனால் என்று தெரிந்தால் பிள்ளைகள் எழுந்துகொள்வார்கள். நான் உனக்கு அதைத் தெரியவிடவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உனக்கு ஆடத் தெரிந்திருந்தது, கூடத்தைக் கோணலாக்கினவள் நான், நீயோ உன் காலையே நொந்துகொண்டாய்.

உன் கடிதம் வந்த மறுநாள் உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். உனக்கு எழுதுவதற்கு முன்னால் அவர் தெரிந்துகொள்ளவேண்டும் என்று தோன்றியது. சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்து, எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார், இலையைத் தூக்கி எறிவார் என்று நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை. இலையை மட்டும் மடித்து வைத்தார். பிறகு, "அன்னைக்கு அவன நான் கை நீட்டிட்டேம்லா" என்றார். அதை மட்டும் மூன்று தடவை சொன்னார். சாயங்காலம்தான் என்னிடம் வந்து, "இத அவனுக்கு எழுதாத. எழுதுனா ஊருக்கே வரமாட்டான். பேத்தியையும் பாக்க முடியாது. சவத்த விடு, அஞ்சு வருசம் ஆயிட்டுல்லா" என்றார். எனக்கும் அந்தப் பயம்தான். இதைப் படித்துவிட்டு நீ லீவை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். மருமகளிடம் என்ன காரணம் சொல்வாய் என்றுகூட யோசித்துப் பார்த்தேன். ஆனால் பயந்து பயந்து ஒன்றைச் செய்துதான் இங்கே வந்து நிற்கிறோம். இன்னொரு தடவை உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதற்காக உன்னிடம் மறைத்தால், அது நான்காவது இழுப்பு.

அதனால் இரண்டு காரியம் செய்திருக்கிறேன், உன்னைக் கேட்காமலே. கேட்காமல் செய்வதில் இதுவே கடைசி. நேற்று சார்வாளிடம் போய், நோட்டீஸில் அப்பா பெயருக்குக் கீழே உன் பெயரைப் போடச் சொல்லிவிட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை பிரஸ்ஸுக்குப் போகிறது. எடுத்துவிடவேண்டும் என்று நினைத்தால் அதற்குள் ஒரு தந்தி அடி, எடுத்துவிடுவார்கள். நான் ஒன்றும் சொல்லமாட்டேன். இன்னொன்று, முதல் நாள் காலைப் பாடத்தில் நான் செய்யப்போவது. நல்ல ரீடு ஒன்று சீவிக் காட்டுவேன். அப்புறம் அதே ரீடில் இடது ஓரத்தில் மூன்று இழுப்பு இழுத்து, ஊதச் சொல்லி, கால் மணி நேரம் அவர்களைக் காத்திருக்க வைப்பேன். கீச்சிட்டதும், இப்படி ஒரு பையனுக்கு நடந்தது, செய்தவள் நான் என்று சொல்வேன். வந்திருப்பவர்கள் பாதிப்பேர் வாத்தியார்கள். நாளைக்கு யாரோ ஒருவனைப் பார்த்து உனக்கு உதடு இல்லை என்று சொல்லப்போகிறவர்கள். சொல்வதற்கு முன்னால் ரீடை வெளிச்சத்தில் ஒரு தடவை தூக்கிப் பார்க்கட்டும். சார்வாளிடம் இதைச் சொன்னேன். "அம்மா, ஊர் சிரிக்கும்" என்றார். "சிரிக்கட்டும் சார், அவனை நெனச்சு ஒருத்தரும் சிரிக்கக்கூடாது" என்றேன்.

மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்டால் அம்மா கேட்கிறாளே என்று உடனே தந்துவிடுவாய், உன் குணம் எனக்குத் தெரியும். கோபம் இருந்தால் இருக்கட்டும். கோபத்தோடேயே வா. என்னிடம் பேசாமல் அப்பாவிடம் மட்டும் பேசு, குற்றாலத்திலேயே அறை எடுத்துத் தங்கு, என் கையால் சாப்பிடமாட்டேன் என்று சொல், எல்லாம் நியாயம்தான். அந்த நடு நாள் மாலை மட்டும் உன் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மேல் பஞ்சமத்தைப் பிடித்துப் பார். என்ன நடந்தாலும் அது உன்னுடையதாக இருக்கும்.

உலர்ந்த மலைமூங்கிலில் நல்ல துண்டாகப் பார்த்து ஆறு எடுத்து, புது பிளேடோடு உன் கிளாரினெட் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். கச்சேரிக்கு முன் பத்து நாளாவது வாத்தியத்தைக் கையில் எடுத்தால் பழகிவிடும். உன் ரீடை நீயே சீவிக்கொள். நான் தொடமாட்டேன்.

உன் அம்மா